ஸ்டாட்டிக் ஐபி: வாடகை கட்டுபவர் பார்க்க முடியாத பதிவேடு

பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் பண்ணி "ஒரு ஸ்டாட்டிக் ஐபி வேணும்" என்று கேட்டால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில், உங்கள் இணைப்புக்கு மாறாத ஒரு முகவரி ஒதுக்கப்படுகிறது. பிறகு, அந்த முகவரி இன்னாருக்குக் கொடுக்கப்பட்டது என்று எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதப்படுகிறது. முதல் வேலைக்கு நாம் பணம் கட்டுகிறோம். சரியா வேலை செய்யுதான்னு பார்க்கிறோம், செய்யலைன்னா சண்டை போடுகிறோம். இரண்டாவது வேலை நடந்ததா, யார் பெயரில் எழுதினார்கள், என்ன விலாசம் போட்டார்கள் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வாடிக்கையாளர் சேவையில் அதற்குப் பதில் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

நான் இங்கே குறை சொல்லப்போவது அந்த இரண்டாவது வேலையை. பதிவு செய்யும் விதிகள் 1990களில் நெட்வொர்க் இன்ஜினியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக எழுதிக்கொண்டவை. இன்று அதே பதிவை போலீஸும், வங்கியும், பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமும் ஆளை அடையாளம் காட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்கின்றன. பதிவின் எடை இவ்வளவு கூடியும், பதிவில் இருக்கும் ஆளுக்கு விதியில் ஒரு இடமும் கொடுக்கப்படவில்லை.

முகவரி எப்படி வந்து சேருகிறது

வீட்டு இணைப்பில் இது பெரிய காரியமே இல்லை. உங்கள் ரவுட்டர் பிபிபிஓஇ முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வரும்போது கம்பெனியின் ரேடியஸ் சர்வர் அதைச் சரிபார்க்கிறது. சாதாரண வாடிக்கையாளர் என்றால் கைவசம் உள்ள முகவரிகளில் எது காலியோ அதை எடுத்துக் கொடுக்கும். ஸ்டாட்டிக் ஐபி வாங்கியவரின் கணக்கில் மட்டும் "இவருக்கு இந்த முகவரிதான்" என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். டிஹெச்சிபி முறை என்றால் மோடத்தின் மேக் முகவரியையோ, நீங்கள் இணைந்திருக்கும் போர்ட்டையோ அடையாளமாக வைத்து அதே வேலை நடக்கும். மாதாமாதம் பில்லில் வரும் தொகை அந்த ஒரு வரிக்கான வாடகை.

அலுவலகங்கள் எடுக்கும் லீஸ்டு லைனில் ஒற்றை முகவரிக்குப் பதில் ஒரு துண்டு கொடுப்பார்கள். /30 என்றால் நான்கு முகவரி. அதில் முதலும் கடைசியும் உபயோகத்துக்கு ஆகாது, ஒன்று கம்பெனி பக்கத்து கேட்வேக்கு, மிச்சம் ஒன்று உங்களுக்கு. /29 என்றால் எட்டு. அதே கழிவு போக உங்கள் கையில் ஐந்து.

இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கு. ஐபிவி4 தட்டுப்பாட்டால் பல கம்பெனிகள் வீட்டு வாடிக்கையாளருக்குப் பொது முகவரியே கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்குபோட்டுக்கொள்ளும். உள்ளே ஓடுவதற்காகவே 100.64.0.0/10 என்ற சுமார் 42 லட்சம் முகவரிகளை 2012 ஏப்ரலில் தனியாக ஒதுக்கினார்கள். ஆகவே இன்று ஸ்டாட்டிக் ஐபி வாங்குகிறவர்களில் பலர் உண்மையில் வாங்குவது மாறாத முகவரியை மட்டும் அல்ல. வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு முகவரியையே அப்போதுதான் முதன்முறையாக வாங்குகிறார்கள். கடை சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்கணும், ஆபீஸ் டாலியை வெளியூரிலிருந்து திறக்கணும் என்றால் இது தேவைப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒற்றை ஸ்டாட்டிக் ஐபி பல நேரம் மாறும் முகவரிகளின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் கணக்கில் அந்த ஒரு வரி இருக்கிறது என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். வெளியுலகுக்கு அது பத்தோடு பதினொன்று. சொந்தமாக மெயில் சர்வர் வைத்தவர்கள் இதை அனுபவத்தில் கற்றுக்கொள்வார்கள். ஸ்பாம்ஹாஸ் அமைப்பு, நேரடியாக மெயில் அனுப்பக்கூடாத வீட்டு முகவரிகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சேவைக் கம்பெனிகளே தங்கள் தொகுதிகளை அதில் சேர்க்கலாம். உங்கள் முகவரி அப்படி ஒரு தொகுதியில் இருந்தால், "ஸ்டாட்டிக் ஐபிக்கு மாசாமாசம் காசு கட்டியும் மெயில் திரும்பி வருதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வாடகை ஒழுங்காகக் கட்டியாச்சு, பதிவில் மட்டும் நீங்கள் இன்னும் பழைய மாதிரியே இருக்கிறீர்கள்.

பதிவு செய்யணும்னு சொன்னது யார்

1996 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 2050 என்ற ஆவணத்திலிருந்து தொடங்கலாம். முகவரி வினியோகத்துக்கு அது மூன்று நோக்கங்களைச் சொன்னது. சிக்கனம், வழித்தடங்கள் தாங்கும்படி ஒழுங்காகப் பிரித்தல், பொதுப் பதிவேடு. பதிவேடு எதற்கு? ஒரே முகவரி இரண்டு பேருக்குப் போகாமல் இருக்க, எங்காவது கோளாறு வந்தால் யாரிடம் பேசுவது என்று தெரிய. அவ்வளவுதான். ஆளைப் பிடிப்பது என்ற நோக்கம் அந்த இடத்தில் இல்லை.

அதே ஆவணம், டயல்-அப் வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு ஸ்டாட்டிக் முகவரி கொடுப்பதை வன்மையாக ஊக்கம் கெடுத்தது. நிர்வாகத்துக்கு வசதி என்பதற்காகவெல்லாம் முகவரியைச் செலவழிக்க முடியாது என்பது அதன் நிலை. மாறும் முகவரி இயல்பு, மாறாத முகவரி விதிவிலக்கு என்ற பழக்கத்துக்கு அன்றே எழுத்தில் ஆதரவு கிடைத்துவிட்டது. விதிவிலக்குக்கு விலை வைப்பது வியாபாரத்தில் சகஜம். 2013 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7020 வந்து பழைய ஆவணத்தை ஓய்வுக்கு அனுப்பியது. பழக்கம் போகவில்லை.

உலகை ஐந்து மண்டலப் பதிவகங்கள் பிரித்துக்கொண்டிருக்கின்றன. வட அமெரிக்காவின் ஆரின் விதி தெளிவானது: எட்டு முகவரியோ அதற்கு மேலோ ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், ஏழு நாளுக்குள் ஹூயிஸ் பதிவேட்டில் காட்ட வேண்டும். ஐரோப்பாவின் ரைப் எண்ணிக்கையை விட்டுவிட்டு உபயோகத்தைப் பார்க்கிறது. இணைப்புக்காக மட்டும் கொடுத்த முகவரி கம்பெனியின் சொந்தக் கட்டமைப்பாகக் கருதப்படும், தனிப்பதிவு வேண்டாம். வாடிக்கையாளர் பொது முகவரிகளை வைத்து ஒரு நெட்வொர்க் நடத்தினால் அவர் பெயரில் பதிய வேண்டும். ஆசிய பசிபிக்கின் ஏப்நிக் 2004 வாக்கில் ஒரு மாற்றம் செய்தது: வாடிக்கையாளர் பதிவுகளைக் கம்பெனி வைத்திருக்க வேண்டும், ஆனால் பொதுவில் காட்டுவது அதன் விருப்பம். இந்தியாவில் நிக்ஸி நடத்தும் ஐரின் பதிவகம் 2012 முதல் இந்த ஏப்நிக் மண்டலத்துக்குள் இயங்குகிறது.

விதிகளை இப்படி அடுக்கிப் பார்த்தால் மூன்றிலும் ஒரு பொது அம்சம் தெரியும். மூன்றும் பதிவகத்துக்கும் சேவைக் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். முகவரியை உபயோகிக்கிறவர் மூன்றாம் மனிதர். அவரைப் பற்றி எழுதுகிறார்கள், அவரிடம் எதையும் காட்ட வேண்டும் என்று எழுதவில்லை.

எட்டு என்ற கணக்கு

ஆரின் விதியில் வரும் எட்டு என்ற எல்லையை எடுத்துக்கொள்வோம். நிர்வாக ரீதியில் அது நியாயமான எண். ஒற்றை முகவரிக்கெல்லாம் பதிவு போட்டால் பதிவேடு தாங்காது. ஆனால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பதற்கும் எட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஐம்பது பேர் வேலை பார்க்கும் ஒரு அலுவலகம் ஒற்றை முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், ஹூயிஸில் அதன் சுவடே இருக்காது. வீட்டில் தனியாக நாலு சர்வர் வைத்துப் பழகும் ஒருவர் எட்டு முகவரி வாங்கினால் அவருடைய பெயர், தெரு, ஊர் எல்லாம் உலகம் படிக்கலாம்.

இந்தச் சிக்கலை ஆரினும் உணர்ந்தது. வீட்டு வாடிக்கையாளர் என்றால் பெயருக்குப் பதில் "தனி வாடிக்கையாளர்", விலாசத்துக்குப் பதில் "தனி இல்லம்" என்று போட்டுக்கொள்ளலாம் என்று விலக்கு கொடுத்தது. ரைப்பும், வாடிக்கையாளர் தனிநபர் என்றால் கம்பெனியின் தொடர்பு விவரத்தையே போடலாம் என்கிறது. நல்ல விலக்குகள்தான். ஆனால் "போடலாம்" என்ற சொல் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? கம்பெனியைப் பார்த்து. மறைக்கும் அதிகாரம் கம்பெனிக்கு, மறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு என்று விதி பிரிக்கவில்லை. ஏழு நாள் கெடுவும் கம்பெனி பதிவகத்துக்குச் சொல்ல வேண்டியதற்குத்தான்.

தனிநபர், நிறுவனம் என்ற பிரிப்பும் காகிதத்தில்தான் சுத்தம். வீட்டு மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஆடிட்டர் எந்தப் பக்கம்? ஜிஎஸ்டி எண் அவர் பெயரில், பில் வீட்டு விலாசத்துக்கு, முகவரி தொழிலுக்கு. மனைவி, பிள்ளைகள் இருக்கும் வீடு அது. அதைப் பொதுப் பதிவில் ஏற்றுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஊழியர். அவருக்கு இது இன்னொரு கட்டம், பூர்த்தி செய்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

உள் பதிவேடுதான் தீர்ப்பு எழுதுகிறது

ஏப்நிக் மண்டலத்தில் பொதுப் பதிவு விருப்பத்துக்கு விடப்பட்டதால், இந்தியாவில் ஒரு சாதாரண ஸ்டாட்டிக் ஐபியை ஹூயிஸில் தேடினால் பெரும்பாலும் கம்பெனியின் பெயரும் தலைமை அலுவலக விலாசமும்தான் வரும். நல்லதுதானே, நம்ம பெயர் வெளியே தெரியலையே என்று தோன்றும். பாதி சரி. ஆனால் "இந்த முகவரி யாருடையது" என்ற கேள்விக்கான விடை அதனால் மறைந்துவிடவில்லை, கம்பெனியின் உள் பதிவேட்டுக்குப் போய்விட்டது. அங்கே இருப்பதை வாசிக்கும் வழி அரசு அமைப்புகளுக்கு இருக்கிறது, பதிவுக்குரியவருக்கு இல்லை.

உள் பதிவேடு தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007-இல் நடந்த ஒரு வழக்கை நினைவில் வைக்க வேண்டும். ஆர்குட்டில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தி யாரோ படம் போட்டார்கள். புனே போலீஸ் அந்த ஐபி முகவரியைப் பிடித்து, சேவைக் கம்பெனியிடம் அது யாருடையது என்று கேட்டது. கம்பெனி கொடுத்த விவரத்தை வைத்து பெங்களூருவில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் கைது செய்யப்பட்டார். சுமார் 50 நாள் சிறையில் இருந்தார். பிறகுதான் தெரிந்தது, கம்பெனி கொடுத்தது வேறு ஒருவருடைய முகவரிக்கான விவரம் என்று. அந்த ஐம்பது நாளில் அவர் தரப்பில் ஒருவராலும் மூலப் பதிவைத் திறந்து "இதோ பாருங்க, இந்த வரி தப்பு" என்று காட்ட முடியவில்லை. அது பார்க்கக் கிடைக்கும் பொருளே இல்லை.

மாறும் முகவரியில் நேரக் குழப்பம் வரும், ஸ்டாட்டிக்கில் வராதே என்று கேட்கலாம். குழப்பம் குறையும், ஒழியாது. நீங்கள் சரண்டர் செய்த முகவரி அடுத்த மாதம் இன்னொருவருக்குப் போகிறது. கொடுத்த தேதி பில்லில் இருக்கும். திரும்பப் பெற்ற தேதி? கணக்கு மூடப்பட்டது பில்லிங் பிரிவில் ஒரு நாள், ரேடியஸில் வரி நீக்கப்பட்டது இன்னொரு நாள், பதிவில் திருத்தம் வேறொரு நாள் என்று மூன்று தேதி இருக்க வாய்ப்பு உண்டு. பொது ஹூயிஸிலேயே பழைய பதிவுகள் திருத்தப்படாமல் கிடப்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் பார்க்காத உள் பதிவேடு அதைவிட ஒழுங்காக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

சட்டம் இதற்கிடையில் பதிவின் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, டேட்டா சென்டர், கிளவுட், விபிஎஸ், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், விலாசம், ஒதுக்கிய ஐபி முகவரிகள், எதற்காக எடுத்தார் என்பது வரை குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்கச் சொன்னது. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டுப் போயின. 2025 பிப்ரவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, ஏபிஐ வழியாக அல்கோ வர்த்தகம் செய்பவர்கள் தரகர் அனுமதித்த ஸ்டாட்டிக் ஐபியிலிருந்துதான் வரவேண்டும் என்றது. நோக்கம், ஆர்டர் யாரிடமிருந்து வந்தது என்று தடம் பிடிப்பது. கோளாறு வந்தால் யாருக்கு போன் பண்ணுவது என்று ஆரம்பித்த பதிவு இப்போது கையெழுத்துக்குச் சமமாக நிற்கிறது.

இந்த உத்தரவுகள் பெயரைச் சரிபார்க்கச் சொல்கின்றன, வருடக்கணக்கில் வைக்கச் சொல்கின்றன, கேட்டால் கொடுக்கச் சொல்கின்றன. என் பெயரில் என்ன எழுதியிருக்கு என்று வாடிக்கையாளருக்கு ஒரு நகல் கொடு என்று மட்டும் சொல்லவில்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தகவலைக் கேட்டுப் பெறவும் திருத்தவும் உரிமை இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அந்த உரிமை நாம் சம்மதம் கொடுத்துப் பெறப்பட்ட தகவலோடு கட்டப்பட்டிருக்கிறது. சட்டக் கட்டாயத்தின் பேரில் வைத்திருக்கும் பதிவு இது என்று கம்பெனி சொன்னால் வாதம் நீளும்.

பதிவைத் தப்பாகப் படிப்பவர்கள்

பதிவு சரியாகவே இருந்தாலும் படிப்பவர் தப்பாகப் படிக்கலாம். அமெரிக்காவில் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐபி முகவரிக்கு ஊர் சொல்லும் தரவுத்தளம் நடத்துகிறது. நாடு அமெரிக்கா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் அது நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்தது. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டு போன் தேடி, மோசடிக்காரனைத் தேடி, காணாமல் போனவரைத் தேடி வருடக்கணக்கில் போலீஸும் பொதுமக்களும் அங்கே போய் நின்றார்கள். 2016-இல் பத்திரிகையில் விஷயம் வெளியான பிறகு நிறுவனம் புள்ளியை ஒரு ஏரிக்கு நகர்த்தியது. வீட்டில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

"தெரியாது" என்ற பதிலை ஒரு விலாசமாக எழுதினால் இதுதான் நடக்கும். நம் ஊரில் இதன் சின்ன வடிவம் தினசரி நடக்கிறது. திருநெல்வேலியில் இருக்கும் இணைப்பு மும்பை என்றோ டெல்லி என்றோ காட்டுவதற்கு, பதிவில் இருக்கும் தலைமை அலுவலக விலாசமும் ஒரு காரணம். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகலாம். வங்கியின் பாதுகாப்பு அமைப்பு அதை வைத்து உங்கள் கணக்கை நிறுத்தினால் சிரிக்க முடியாது.

எதிர்வாதம்

பொதுப் பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முகவரியிலிருந்து தாக்குதல் வரும்போது நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தாக வேண்டும். கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒரு தொடர்பு போதும், அதற்கு வாடிக்கையாளரின் வீட்டு விலாசம் தேவையில்லை. ஆரினின் விலக்கும் அப்படித்தான், பெயரை மறைத்தாலும் கம்பெனியின் புகார்த் தொடர்பு சரியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பகுதி சரி.

செலவு அதிகம், லட்சக்கணக்கான வாடிக்கையாளருக்கு இதையெல்லாம் காட்ட முடியாது என்பது இன்னொரு வாதம். பில்லைக் காட்டுகிற அதே கணக்குப் பக்கத்தில் இரண்டு வரி சேர்க்க என்ன பெரிய செலவு? நிலத்துக்குப் பட்டா கொடுக்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்க வழி வைத்திருக்கிறோம், பெயர் தப்பாக இருந்தால் மனு கொடுக்கிறோம். அந்த அலுவலகங்களில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் தன் பெயரில் இருக்கும் பதிவைத் தானே பார்க்கலாம் என்ற அடிப்படையை அங்கே யாரும் மறுப்பதில்லை.

தட்டுப்பாடு என்ற வாதமும் பாதிதான் நிற்கும். ஏப்நிக் தன் கடைசி /8 தொகுதிக்கு 2011 ஏப்ரல் 15-லேயே வந்துவிட்டது, உண்மை. ஆனால் ஐபிவி6-இல் தட்டுப்பாடே கிடையாது. ரைப் சமூகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட பரிந்துரை, வீட்டு வாடிக்கையாளருக்கும் மாறாத முன்னொட்டையே கொடுங்கள் என்கிறது. மாற்றிக்கொண்டே இருந்தால்தான் எந்த நேரத்தில் யாரிடம் எது இருந்தது என்று மலைபோல லாக் சேர்க்க வேண்டிவரும். மாறாமல் கொடுத்தால் பதிவு சின்னதாகும், தப்பும் குறையும். வாடகை வாங்க முடியாது என்பதைத் தவிர இதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

என்ன கேட்கலாம்

விதி மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டாட்டிக் ஐபி வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் முகவரியை ஏப்நிக் அல்லது ஐரின் ஹூயிஸில் போட்டுப் பாருங்கள். யார் பெயர், எந்த விலாசம், எவ்வளவு பெரிய தொகுதியின் நடுவில் இருக்கிறது என்று தெரியும். உங்கள் வீட்டு விலாசம் இருந்தால் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் நாலு கேள்வி கேளுங்கள். இந்த முகவரி மாறும் முகவரிகளின் தொகுதியிலிருந்து வருதா, தனித் தொகுதியா? ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவை என் டொமைன் பெயருக்கு மாற்றித் தருவீங்களா? ஒதுக்கிய தேதியையும் முகவரியையும் மெயிலில் உறுதிசெய்வீங்களா? சரண்டர் பண்ணும்போது திரும்பப் பெற்ற தேதியையும் நேரத்தையும் எழுத்தில் தருவீங்களா? கடைசிக் கேள்விக்கு "அப்படியெல்லாம் பழக்கமில்லை சார்" என்ற பதில் வரலாம். அப்படி வந்தால் நீங்களே ஒரு மெயில் அனுப்பி, இன்ன முகவரியை இன்ன தேதியில் இத்தனை மணிக்கு ஒப்படைத்துவிட்டேன் என்று எழுதி வையுங்கள். கம்பெனி ஐந்து வருடம் பதிவு வைத்திருக்கும் என்றால், அந்த மெயிலை நீங்களும் ஐந்து வருடம் அழிக்காமல் வைத்திருங்கள்.